மூன்று பேர் வீட்டுக்கு ஒரு மொத்தக்கடை கார்ட்

பிள்ளைகள், நீங்கள் வளர்ந்து உங்களுக்கென்று ஒரு வீடு எடுத்த பிறகு, யாராவது ஒருவர் வந்து, "மொத்தக்கடையிலை மெம்பர் ஆகுங்கோ, எல்லாம் மலிவு" என்று சொல்லுவார். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லுவார். அதுதான் கரைச்சல். கெட்டவன் சொன்னால் நாங்கள் கேட்கமாட்டோம். நான் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு மட்டும்தான் படித்தவன். ஆனால் இந்த ஒரு விசயத்தை ஒரு வருசம் முழுக்கப் படித்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் லண்டனில், எட்மண்டன் பக்கம், ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இருந்த வீட்டில் குடியிருந்தோம். நான், மனைவி, பத்து வயது மகள். மூன்றே மூன்று பேர். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. சின்ன அறை மகளுக்கு. கட்டிலைப் போட்டால் ஜன்னலடியில் ஒரு மேசைக்கு மட்டும் இடம் மிஞ்சும். அந்த மேசையை வாங்கித் தருகிறேன் என்று நான் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த வருசம் அவளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற சோதினை. ஹோலில் ரிவி, குசினியில் புகை, பெரிய அறையில் இரவு வேலை முடித்து வந்து பகலில் குறட்டை விடுகிற நான். பிள்ளை எங்கே இருந்து படிப்பாள்?

நான் பெற்றோல் செற்றில் கல்லாவில் நின்றேன். அந்த மொத்தக்கடை எல்லோருக்கும் கார்ட் கொடுக்காது. வியாபாரம் செய்கிற ஆட்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் சொல்லுகிற சில வேலைகளில் இருக்க வேண்டும். எங்கள் முதலாளியிடம் கார்ட் இருந்தது. அவர் இன்னொரு ஆளின் பெயரையும் சேர்க்கலாம்.

"அண்ணை, உங்கடை பேரைப் போடட்டே? சந்தாவை மட்டும் நீங்கள் பாருங்கோ" என்றார்.

எத்தனையோ பேர் வேலை செய்கிற இடத்தில் என்னைக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. கடையில் நிற்க வைத்துப் படம் பிடித்து அங்கேயே கார்ட்டில் அடித்துத் தந்தார்கள். வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன்.

மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொலிஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கிறியள். இதைக் காட்டினா உள்ளை விடுவினமே?" என்றா.

உள்ளே விட்டார்கள். அதுதான் பிழை.

உள்ளே போனால் கூரை எங்கேயோ இருக்கிறது. ஒரு பக்கம் கார் ரயர், மறுபக்கம் கோழி. ரொலியை ஒருவர் தள்ள முடியாது, அவ்வளவு பெரியது. நான் அரிசி பார்க்கத்தான் போனேன். ஆனால் போகிற வழியில் சவர்க்காரம் ஒரு சுவர் மாதிரி அடுக்கியிருந்தது.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பொருளாதாரத் தடைக்குள் இருந்த ஆட்கள். சவர்க்காரம் வராது, மெழுகுதிரி வராது, பற்றரி வரவே வராது. ஒரு சவர்க்காரக் கட்டியை நூலால் நாலாக அறுத்து வைத்துக் குளித்திருக்கிறோம். லண்டனுக்கு வந்து எத்தனையோ வருசம். மூளைக்குத் தடை முடிந்தது தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஒரு பெட்டி சவர்க்காரம் எடுத்தேன். பக்கத்தில் மெழுகுதிரி, இருநூறு இருக்கும், அதையும் எடுத்தேன். பிறகு ரோச் லைற்றுக்குப் போடுகிற தடித்த பற்றரி. பிறகு நாற்பத்தெட்டு ரொய்லெற் பேப்பர். கடைசியில் ஒரு வாளி மயோனைஸ். மயோனைஸை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாளி நல்ல வாளி.

அரிசியை மறந்துவிட்டேன்.

மனைவி படியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ, இந்த நாட்டிலை எப்பவப்பா கரண்ட் நிண்டது?"

"நிண்டால்?"

"நிண்டால் இருநூறு மெழுகுதிரியையும் கொளுத்திவச்சுத் திருவிழாவே செய்யப் போறியள்? சரி, பற்றரி வாங்கினியளே, ரோச் எங்கை?"

"ரோச் இனித்தான் வாங்கவேணும்."

மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டா. அவ பேசாவிட்டால்தான் எனக்குப் பயம்.

வைக்க இடம்? பெரிய அறையில் அலுமாரி. குசினியில் இரண்டு பேர் சேர்ந்து திரும்ப ஏலாது. "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று சொல்லி மகளின் அறையில், ஜன்னலடியில், மேசைக்கு என்று விட்டிருந்த இடத்தில் அடுக்கினேன். பெட்டி கதவு நிலை வரைக்கும் வந்து, கதவைச் சாத்த விடவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக் கதவு பூட்டுப்படவில்லை. மகள் பெட்டிகளைப் பார்த்தாள். "அப்பா, மேசை வரேக்கை இதெல்லாம் போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். போயிடும் என்றேன்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் தொடங்கினார்கள். ஈஸ்ட் ஹாமில் மனைவியின் தம்பி இருந்தான். என்னிடம் கார்ட் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே ரெலிபோன்.

"அத்தான், மகனுக்கு முதலாவது பேர்த்டே வருது. ஹோல் உங்கடை பக்கம்தான் எடுத்திருக்கிறன். கார்ட் உங்களிட்டை இருக்குத்தானே."

அவன் கேள்வி கேட்கவில்லை, பாருங்கள். முடிவைச் சொல்லுகிறான். எங்கள் ஆட்களுக்குள் ஒருவரிடம் கார்ட் இருந்தால் அது அவருடைய கார்ட் இல்லை, எல்லோருடைய கார்ட். அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். என்னுடைய படம் இருப்பதால் நானும் கூடப் போக வேண்டும். லீவு நாளில் அவனோடு போய் சோடா ரின் இருபது பெட்டி, தண்ணீர், பேப்பர் பிளேற் எல்லாம் ஏற்றினோம். ஹோல் எட்மண்டன் பக்கம் என்பதால் சாமான் எங்கள் வீட்டில். எங்கள் வீட்டில் என்றால் மகளின் அறையில். பேர்த்டே முடிந்தது. எங்கள் ஆட்கள் எந்தக் கொண்டாட்டத்துக்கும் வருகிற ஆட்களை விட இரண்டு மடங்குக்குச் சாமான் வாங்குவார்கள், போதாமல் போனால் மானம் போய்விடும் என்று. மிச்சம் எட்டுப் பெட்டி சோடா திரும்பவும் அறைக்குள் வந்தது.

"அத்தான், வச்சிருங்கோ, பிறகு எடுக்கிறன்" என்றான்.

இப்படிப் போன ஒவ்வொரு முறையும் நானும் சும்மா வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஆரும் திடீரென்று வீட்டுக்கு வந்தால் என்ன செய்யிறது என்று இன்னும் இரண்டு பெட்டி. ஆரும் வரவில்லை. வந்தாலும் ரொய்லெற் பேப்பரையா சாப்பிடக் கொடுப்பது? மயோனைஸ் வாளி பாதிகூடக் குறையவில்லை. இடியப்பத்தோடு நல்லாயிருக்கும் என்று ஒருநாள் சொன்னேன். மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு நான் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் மேசை கிடைத்தது. ஹை ஸ்ரீற்றில் பாவித்த சாமான் விற்கிற ஒரு தர்மக்கடை. அளவாக, ஒரு லாச்சியோடு, மேலே கொஞ்சம் மைக்கறை. மகள் லாச்சியை இழுத்தாள், தள்ளினாள், இழுத்தாள். மூன்றாம் தரம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். காசைக் கட்டினேன். விற்றாச்சு என்று கடைக்காரப் பெண் துண்டு ஒட்டினா. அடுத்த கிழமை எடுக்கிறேன் என்றேன். அடுத்த கிழமை இடமில்லை. அதற்கடுத்த கிழமை மச்சினன் வந்து சோடாவை எடுப்பதாகச் சொன்னான், வரவில்லை. கடைக்காரப் பெண் மூன்றாம் முறை பொறுமையாகச் சொன்னா, "எங்களுக்கும் இடமில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் எடுக்காவிட்டால் காசைத் திருப்பித் தந்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்."

அந்த வியாழக்கிழமை ரியூசன் முடிய மகளைக் கூட்டிவரப் போனேன். ரீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டா. மகளின் பயிற்சித் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினா. தாள் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை.

"ஐயா, பிள்ளை கணக்குச் சரியாத்தான் செய்யிறா. ஆனால் ஏன் பென்சிலாலை குத்துறா? வீட்டிலை ஏதும் கோபமே?"

மகள் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு மெல்ல, "சோடாப் பெட்டிக்கு மேலை வச்சு எழுதுறனான் ரீச்சர். ரின்னுக்கு ரின் நடுவிலை பள்ளம். பென்சில் உள்ளை போயிடும்" என்றாள்.

ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் சுவரில் தொங்கிய பெருக்கல் வாய்ப்பாட்டைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது, "அப்பாவிட்டை சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்கள்தானே கொஞ்ச நாளைக்கு எண்டு சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலையிலேயே தொடங்கினேன். முதலில் கோயில். சாமானைக் கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியமும் ஆச்சு, இடமும் ஆச்சு என்று நினைத்தேன். இரவல் வாங்கிய காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கோயிலில் களஞ்சியம் பார்க்கிறவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. ஒருக்கா வந்து பாருங்கோ."

கதவைத் திறந்தார். உள்ளே கூரை வரைக்கும் ரொய்லெற் பேப்பர். அதே கடை, அதே பொதி. கார்ட் வைத்திருக்கிற அடியார்கள் எல்லோருக்கும் எனக்கு வந்த அதே யோசனைதான் வந்திருக்கிறது.

"மெழுகுதிரி?" என்றேன்.

"நாங்கள் விளக்கெல்லோ ஏத்துறனாங்கள்."

"சரி, இந்த வாளியை எண்டாலும் மடைப்பள்ளிக்கு..."

அவர் இரண்டடி பின்னால் போனார். "அண்ணை! அதிலை முட்டையெல்லோ கிடக்கு!"

அங்கே நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் வாசலில் முட்டை வாளியோடு நின்ற மனிசன் நான். சவர்க்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் என்னுடைய முகத்தைப் பார்த்துத்தான்.

திரும்பி வரும் வழியில் ஒரு சேர்ச். வெட்கத்தை விட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா மெழுகுதிரிகளைக் கண்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. அன்றைக்கு எனக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது. ரொய்லெற் பேப்பரை எங்கள் தெருவில் கதவுக்குக் கதவு ஒவ்வொரு பொதியாக வைத்தேன். ஆட்கள் அதைச் சந்தேகமாகத்தான் எடுத்துப் பார்த்தார்கள்.

வாளியோடு வீட்டு வாசலில் நிற்கும்போது கீழ்க்கடைக்காரர் வெளியே வந்தார். கோழிப்பொரியல் கடைக்காரர். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நான் வாங்குகிற மயோனைஸ். உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"மூன்று."

"என்னிடம் ஒரு நாளைக்கு முன்னூறு பேர் வருகிறார்கள். இது எனக்கு விற்கிற சாமான். நீங்கள் ஏன் வாங்கினீர்கள்?"

வாளியை அவரிடம் நீட்டினேன். உங்களுக்குக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்துத் தரட்டா என்று கேட்டார். வேண்டாம், வாளியோடு எடுங்கள் என்று கும்பிட்டேன். திறந்து கிடந்ததை அவர் விற்றாரா வீசினாரா என்று நான் கேட்கவில்லை. மகளுக்கென்று ஒரு பெட்டி சிப்ஸ் தந்தார்.

பிள்ளைகள், நான் இவ்வளவு நேரம் எழுதிச் சொல்ல நினைத்ததை அந்த மனிசன் ஒரு நிமிசத்தில் சொல்லிவிட்டார். கடை மோசமான கடை இல்லை. சாமானும் நல்ல சாமான். ஆனால் அது முன்னூறு பேருக்குச் சோறு போடுகிறவனுக்கு. மூன்று பேர் வீட்டில் அரிசிச் சாக்கு முடியும், சலவைத்தூள் முடியும், அதற்குத் தமிழ்க்கடையே போதும். மலிவு என்று வாங்கி நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அதை இருத்தினால், பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

மூன்றரை மணிக்கு மச்சினனுக்கு ரெலிபோன் எடுத்தேன். "இப்ப வந்து உன்ரை சோடாவை எடுக்காட்டி கீழை றோட்டிலை வச்சிடுவன்" என்றேன். நான் அவனோடு அப்படிப் பேசியதே இல்லை. ஐந்துக்குப் பத்து நிமிசம் இருக்க வந்தான். சோடாவைத் தொடவிடாமல் நேரே தர்மக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் கதவைப் பூட்டத் திறப்பைப் போட்டுக்கொண்டு நின்றா.

படியில் மேசையை ஏற்றும்போது மச்சினன் வியர்த்துப் போய், "அத்தான், சோடா எடுக்கத்தானே கூப்பிட்டனீங்கள்? இதென்ன இது?" என்றான்.

"தூக்கு. உன்ரை சோடாவிலை எழுதித்தான் என்ரை பிள்ளையின்ரை தாள் ஓட்டையாப் போச்சு."

"சோடாவிலை எழுதினவளோ? ஏன்?"

"தூக்கடா."

மச்சினன் சோடாவைக் கீழே இறக்கின பிறகு, ஜன்னலடியில் மேசை சரியாக இருந்தது. மகள் முதலில் லாச்சியை இழுத்துப் பார்த்தாள். பிறகு பென்சில்களை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்தாள். மனைவி துடைத்த துணியோடு நின்று, "மைக்கறை போகுதில்லை" என்றா. "இருக்கட்டும்" என்றாள் மகள்.

சந்தா புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் கட்டவில்லை. முதலாளியிடம் என்னுடைய பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "ஏன் அண்ணை, மலிவெல்லோ?" என்றார். அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை. பற்றரி மட்டும் மிச்சம் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு ரோச் வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு பின்னேரம் மச்சினன் ரெலிபோன் எடுத்தான்.

"அத்தான், வெம்பிளியிலை என்ரை சினேகிதன்ரை மகள் பெரியபிள்ளையாயிட்டா, சாமத்திய வீடு செய்யினம். கார்ட் உங்களிட்டை இருக்குத்தானே."

"இல்லை."

"துலைச்சிட்டியளோ?"

"விட்டிட்டன்."

"விட்டிட்டியளோ! அப்ப இனி ஆரிட்டை இருக்கு?" என்று கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். எங்கள் சத்தம் வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

சின்ன அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். கையில் பென்சில்.

"அப்பா, நான் படிக்கிறன்" என்றாள்.

கதவைச் சாத்தினாள். கதவு பூட்டுப்பட்டது.