டிரைவருக்கு ஒரு நல்ல வார்த்தை

எங்கள் தோட்டத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப் கிடையாது. ஆனாலும் அம்மா கை காட்டினால் காரமடை டவுன் பஸ் நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏறும்போதே அம்மா ஆரம்பித்துவிடும்.

"ஏனுங் தம்பி, நீங்க ஓட்டுனா தூக்குப்போசில கொழம்பு கூட அலுங்கறதில்லீங்க. நேத்து ஒருத்தன் வந்தானே, எலும்ப எண்ணிப்போட்டான்!"

டேப்பில் ஓடும் பாட்டையும் விடாமல் புகழும். சிடுமூஞ்சி டிரைவர் மீசைக்குள் சிரிப்பார். எனக்கு மானம் போகும்.

"எல்லாம் பொய்தானம்மா?"

"பாதி பொய்தான் கண்ணு. பஸ்ஸு நிக்குதல்ல?"

மஞ்சள்காமாலையில் அம்மா போய்விட்டது. காரியம் முடிந்து நான் மட்டும் நின்று கை காட்டினேன். பஸ் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. இரண்டு நாளும் மில்லுக்கு லேட். இன்னொரு நாள் லேட் ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் இருட்டோடு மூன்று மைல் நடந்து ஸ்டாப்புக்குப் போய் அதே பஸ்ஸில் ஏறினேன். தினமும் இப்படி நடக்க முடியாது. டிரைவர் பக்கத்தில் போய், நடந்த வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அண்ணா, நீங்க ஓட்டுனா அலுங்கறதே இல்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, வேகத்தடையில் வண்டி எகிறி ஒரு பெரியவரின் கத்தரிக்காய்க் கூடை கவிழ்ந்தது.

"ஆமாமா, அலுங்கவே இல்ல" என்று அவர் காயைப் பொறுக்கினார். பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் சிரிக்கவில்லை. "உங்கம்மாளுக்கு எம்மேல என்ன கோவம்? இருவது நாளா ஆளக் காணோம். வேற பஸ்ஸுல போறாங்களாக்கும்னு எனக்கும் ரோசம். அதான் நிறுத்தல."

"செத்துப்போச்சுங்கண்ணா."

வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஸ்டாப்பில் கண்டக்டர் திரும்பத் திரும்ப விசில் அடித்த பிறகுதான் டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் நான் கை தூக்கும் முன்பே தோட்டத்து முன்னால் பஸ் நின்றது. ஏறினேன். வண்டி நகரவில்லை.

"ஏனம்மணி, சும்மாவே ஏறுனா எப்புடி? எதாச்சும் சொல்லு."

அவசரத்தில் கண்ணில் பட்டதைச் சொன்னேன். "சட்டை நல்லாருக்குதுங்கண்ணா."

"காக்கிச் சட்டையா!" என்றார் கண்டக்டர். "நானும் அதேதான் போட்டிருக்கறேன். என்னையுஞ் சொல்லு அம்மணி."

சிரித்துக்கொண்டே கடைசி சீட்டுக்குப் போனேன். மில் கேட் வரும்வரை அழுதேன். சங்கு ஊதும் முன்பே உள்ளே போய்விட்டேன்.