ஊமை வண்டி

"நாலு எழுத்து படிச்சிட்டா வண்டிக்கு அடியில இன்னா கீதுன்னு தெரிஞ்சிடுமா?" என்று பெரியப்பா ஒருமுறை என்னைக் கேட்டார். அப்போது அவர் பட்டறையில் ஒரு வேலமரக் கட்டையின் முனையைச் சீவிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: வில் தேய்ந்துபோனால் வேறு வில் போடாமல் கட்டை எதற்கு?

அது சுரங்க ஆஸ்பத்திரியின் வில்வண்டி. சுரங்கக் குழியான ஷாப்டிலிருந்து மேலே கொண்டுவரும் அடிபட்டவர்களை ஏற்றிச் செல்வது. அடியில் இருபுறமும் எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில் இருக்கும். பாதையின் குலுக்கலை அதுதான் வாங்கிக்கொள்ளும். பல வருஷ ஓட்டத்தில் பட்டைகள் தேய்ந்து தளர்ந்து, வண்டி நகர்ந்தாலே கிரீச்சென்று கத்தும். ஆஸ்பத்திரிப் பாதையோ சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலை ஒட்டிப் போகிறது. பகல் தூக்கம் கெடுகிறது என்று துரைசானி குறைப்பட்டாள். சீமையிலிருந்து புது வில் வந்தபோது அது துரையின் கோச்சு வண்டிக்குப் போயிற்று. ஆஸ்பத்திரி வண்டிக்கு, சத்தத்தை நிறுத்து என்ற உத்தரவு மட்டும் வந்தது.

பெரியப்பா பட்டறை மேஸ்திரி. உத்தரவு அவருக்குச் சாமி வாக்கு. இருபுறமும் வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே கட்டையை அடித்து இறுக்கினார். அசையாத வில் கத்தாது. "பாத்தியா, ஊமையாக்கிட்டேன்" என்று ஆண்டர்சன்பேட்டை கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டார். துரை தன் பழைய கோட்டு ஒன்றைக் கொடுத்தார். கோடையிலும் பெரியப்பா அதைக் கழற்றவில்லை.

அந்தக் கோடையிலேயே என் அப்பாவின் தொடைமேல் பாறை சரிந்தது. மேலே கொண்டுவந்து, ஷாப்ட் வாசலில் கட்டுப் போட்டு வண்டியில் கிடத்தினார்கள். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். மாடுகள் மெல்லத்தான் நடந்தன. ஆனால் பாதையின் ஒவ்வொரு கல்லும் நேராக அப்பாவின் எலும்புக்குப் போயிற்று. "மெதுவா போவச் சொல்லு பாப்பா, மெதுவா" என்று கெஞ்சினார். பிறகு சொற்கள் நின்று அலறல் மட்டும் வந்தது. பங்களாவைத் தாண்டும்போதும் வண்டி கத்தவில்லை. அப்பாதான் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துரை தன் உதவியாளரிடம் இங்கிலீஷில் சொன்னார்: கட்டுப் போடும்போது எலும்பு தோலுக்குள்தான் இருந்திருக்கிறது, வழியில்தான் வெளியே வந்திருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான். எங்கள் வம்சத்திலேயே முதலில் படித்தவள் நான். படிப்பின் முதல் பலன் எனக்கு அப்படிக் கிடைத்தது. காயத்தில் சீழ் பிடித்து அப்பா போய்விட்டார்.

சாவு வீட்டுக்குப் பெரியப்பா அந்தக் கோட்டோடுதான் வந்தார். "அவன் தலையெழுத்து அவ்ளோதான்" என்றார். நான் படித்த எழுத்துகளில் அப்படி ஒன்று இல்லை. அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறேன். வண்டி அதேதான், கட்டைகளும் அதேதான். வில் மாற்றச் சொல்லி நான் கேட்டபோதெல்லாம், வண்டிதான் சத்தமில்லாமல் ஓடுகிறதே என்றார்கள். நேற்று மதியம் அது முற்றத்தில் காலியாக நின்றது. சுத்தியலை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி அடியில் நுழைந்தேன்.

வண்டிக்காரர் பதறினார். "வேணாம் நர்சம்மா. துரைசானி தூங்கற நேரம். மேஸ்திரி என்னைத்தான் கேப்பாரு."

"கேட்டா சொல்லுங்க. அடியில இன்னா கீதுன்னு அவரு தம்பி பொண்ணு பூந்து பாத்துட்டான்னு."

இரண்டு கட்டைகளையும் அடித்துக் கழற்றினேன். சற்று நேரத்தில், ஒருவருக்கு அடிபட்டதென்று ஷாப்டிலிருந்து ஆள் வர, வண்டி புறப்பட்டது. பங்களா வாசலில் அது கத்தியது ஆஸ்பத்திரி வரை கேட்டது. திரும்பும்போதும் கத்தியது. உள்ளே படுத்திருந்தவர் முனகினார், அலறவில்லை.

பெரியப்பா சீவிய கட்டைகள் இரண்டையும் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். வேலமரம், நன்றாக எரிந்தது. வண்டியில் வந்தவருடைய காயத்தை அந்த வெந்நீரில்தான் கழுவினேன்.