ஏழாவது ஆள்

பஞ்சர் அண்ணனைப் பார்க்காதவர்கள்கூட அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். மூன்றாம் டிவிஷன் கால்பந்து லீக்கில் கேட் டீம் ஆடுகிற எந்த மைதானமாக இருந்தாலும் சரி, கோட்டுக்கு வெளியே ஒரு மனிதர் கழுத்து நரம்பு புடைக்க நடுவரின் வம்சத்தையே விசாரித்துக்கொண்டிருந்தால், அது அவர்தான். ரயில்வே கேட்டை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் ஆடியதால் அந்த அணிக்கு கேட் டீம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கடையைவிட அணிக்குத்தான் அவர் அதிகம் உழைக்கிறார் என்று அவர் மனைவி சொல்வார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அணியோடு அவர் சேர்ந்த கதை சின்னதுதான். யாரோ காற்று நிற்காத பந்து ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். தையலைப் பிரித்து, உள்ளே காற்று அடைக்கிற பிளாடரை வெளியே இழுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி தைத்துக் கொடுத்தார். ஒட்டு நிற்கிறதா பார்க்கலாம் என்று பந்தின் பின்னாலேயே மைதானத்துக்குப் போனார். போனவர் போனவர்தான். அன்றிலிருந்து பந்து, ஜெர்சி மூட்டை, தண்ணீர் கேன், சுண்ணாம்புக் கோடு எல்லாம் அவர் தலையில். அவர் மட்டும் ஒருநாளும் ஆடியதில்லை. இளம் வயசில் ஒரு லாரியின் ஜாக்கி நழுவி இடது முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. நடப்பார், வேகமாகவே நடப்பார். ஆனால் அந்தக் கால் முழுசாக மடங்காது.

கேட் டீமின் வரலாற்றை எழுதினால் இரண்டு பக்கம் தேறலாம். முதல் பக்கம், நான்காம் டிவிஷனிலிருந்து மேலே ஏறிய ஆட்டம். இருந்தது ஒரே பந்து. எதிரணிக்காரர் ஒருவர் உதைத்த உதையில் அது முள்வேலியில் போய்ச் செருகிக்கொண்டது. ஆட்டத்தை நிறுத்தப் போன நடுவரைக் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பஞ்சர் அண்ணன் காலை நீட்டிப் போட்டுப் பந்தைப் பிரித்தார். இரண்டு அணியும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது. ஒட்டிய பந்து ஒரு பக்கம் புடைத்திருந்தது. அந்தப் புடைப்போடு அது வளைந்து போய் வலையில் விழுந்ததுதான் வெற்றிக் கோல். தோற்றவர்கள் இன்றுவரை அதைக் கோல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. யார் கேட்டார்கள் அவர்களை?

இரண்டாவது பக்கம், கோப்பைப் போட்டியில் முதல் டிவிஷன் அணி ஒன்றிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. அந்த அணியின் ஜெர்சியைப் பார்த்தே கேட் டீம் பாதி மிரண்டிருந்த ஆட்டம் அது. ஒரு கோலில் தோற்றதே பெரிய விஷயம். அந்த ஆட்டத்தைப் பஞ்சர் அண்ணன் எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் பார்த்தார். பத்தாவது நிமிஷமே நடுவர் அவரை மைதானத்தைவிட்டு விரட்டியிருந்தார். "கண்ணாடி போட்டுக்கிட்டு வாய்யா" என்று அண்ணன் கத்தியதுதான் குற்றம். நடுவர் பள்ளிக்கூட வாத்தியார், நேர்மையான மனிதர். ஆனால் அன்றிலிருந்து லீக் முழுக்க அவருக்குக் கண்ணாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைத்த ஆளை அவர் மறப்பாரா?

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கிளப் முப்பது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யலாம். கேட் டீமில் முப்பது பேருக்கு எங்கே போவது? கிடைத்தவர்களை எழுதிவிட்டு, கடைசி இடத்தில் பஞ்சர் அண்ணன் பெயரையும் போட்டு வைப்பார்கள். ஒப்புக்குச் சப்பாணி. ஜெர்சிகளுக்கு எண் தைப்பது அவர் மனைவியின் வேலை என்பதால் முப்பதாம் எண் போட்ட ஜெர்சி ஒன்றும் அவருக்கு இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டுத் தண்ணிக் கேன் தூக்குங்க, கொஞ்சம் கௌரவமா இருக்கும்" என்று கொடுத்தார் அந்த அம்மா. அது மூட்டையின் அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அந்தப் பருவம் தொடக்கமே சரியில்லை. பாதி அணி காய்ச்சலில் படுத்து, ஓர் ஆட்டத்துக்குப் போகவே முடியவில்லை. ஒரே பருவத்தில் இரண்டு முறை வராமல் போனால் லீக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அது வெறும் பெயர் விஷயம் இல்லை. லீக்கில் ஆடுகிற வரைக்கும்தான் நகராட்சி அந்த மைதானத்தைக் கிளப்புக்கு விட்டுவைத்திருந்தது. பெயர் போனால் மறு வாரமே அங்கே லாரிகள் நிற்கும். இன்னொரு முறை வராமல் போனால் கேட் டீம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெளியூர் ஆட்டம் வந்தது. அட்டைப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறவர்கள் ஷிஃப்ட் முடிந்து கோச்சோடு ஒரு வேனில் வருவார்கள். மற்ற ஆறு பேரும் பஞ்சர் அண்ணனும் மூட்டை முடிச்சோடு லோடு வண்டியில் முன்னால் போவார்கள். அதுதான் வழக்கம். வேன்காரர் முந்தின நாள் கடைக்கு வந்து, "எந்த கிரவுண்டுண்ணே?" என்று கேட்டார். பஞ்சர் அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "போன தடவை போன இடம்தான்" என்றார்.

மைதானத்துக்கு வந்து, வலை கட்டி, பந்துக்குக் காற்றடித்து, தண்ணீர் நிரப்பி முடித்தும் வேனைக் காணவில்லை. கேப்டன் ஓர் எலக்ட்ரீஷியன், எதற்கும் பதறாதவர். அவர் வேன்காரருக்குப் போன் போட்டார்.

"எங்க நிக்கிறீங்க? என்னது, பாலத்துக்கு அந்தப் பக்கமா? யோவ், அது சும்மா நட்புக்கு ஆடுனோமே, அந்த கிரவுண்டுய்யா."

பஞ்சர் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. இன்றைய எதிரணியோடு கடைசியாக நடந்தது அந்த நட்பு ஆட்டம்தான். அன்றைக்குத் தங்கை மகன் கல்யாணம் என்று அவர் வரவில்லை. அவருக்குப் போன தடவை என்றால் இந்த மைதானம். வேன்காரருக்குப் போன தடவை என்றால் அந்த மைதானம். டியூபிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

எதிர்முனையில் வேன்காரர் சொல்வதைக் கேப்டன் முழுசாகக் கேட்டார். ஒருமுறை அண்ணன் பக்கம் பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டு, "வழி தப்பிட்டாங்க. ஊரைச் சுத்திக்கிட்டு வரணும், நேரமாகும்" என்றார்.

நான்தான் சொன்னேன் என்று சொல்ல அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் நடுவர் வந்து நின்றார். யார் என்கிறீர்கள்? கண்ணாடியேதான்.

"ஆறு பேர்தான் இருக்கீங்க. ஏழு பேர் இல்லாம என்னால விசில் ஊத முடியாது. விதிப்படி காத்திருந்தாச்சு. வரலைன்னு எழுதிடட்டுமா?"

கேப்டன் மூட்டையின் அடியில் கையை விட்டு முப்பதாம் எண் ஜெர்சியை உருவினார். "ஏழாவது ஆள் இருக்கார் சார். பதிவு பண்ணின ஆள்தான்."

நடுவர் பஞ்சர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஷூ, கால் தடுப்பு எல்லாம் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கோல்கீப்பருக்குப் பட்டப்பெயர் மூட்டை, கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய உபரி ஷூ இரண்டு அளவு பெரிசு. முனையில் துணி திணித்தார்கள். டியூப் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கால் தடுப்பு ஆக்கினார்கள். அண்ணன் தன் பையிலிருந்து பழைய டியூபை எடுத்து நீளமாக வெட்டி, இடது முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஜெர்சி தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்கப்பா" என்றார்.

"அண்ணே, நீங்க பந்தையே தொட வேணாம்" என்றார் கேப்டன். "அந்த மூலைக்கொடி பக்கம் நில்லுங்க. ரெண்டே விஷயம். வெளிய போகக்கூடாது. வாயத் தொறக்கக்கூடாது. உங்களுக்குச் சிவப்பு அட்டை காட்டினா ஆட்டம் அதோட முடிஞ்சது, வராத கணக்குல எழுதிடுவாங்க."

எத்தனையோ வருஷமாகத் தன் கையாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டவர், ஆட்ட நேரத்தில் அதைத் தாண்டி உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. சந்தோஷப்பட நேரமில்லை. தன் ஒரு வாய்ச்சொல்லால் ஒரு கிளப்பே அழியப் போகிறது என்ற நினைப்புத்தான் இருந்தது. செத்தாலும் வேன் வருகிற வரைக்கும் வெளியே போவதில்லை என்று முடிவு கட்டினார்.

ஏழு பேர் பதினோரு பேரோடு ஆடுவதை ஆட்டம் என்று சொல்லக்கூடாது. மூட்டை பறந்து விழுந்து எழுந்துகொண்டே இருந்தார். இருந்தும் அரை மணிக்குள் இரண்டு கோல். எதிரணி முதலில் அண்ணனைப் பார்த்துச் சிரித்தது, பிறகு அவரை மறந்தே போனது. ஆனால் மூலைக்கொடி பக்கம் சும்மா நிற்க அவரால் முடியவில்லை. தன் ஆட்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் கெந்திக் கெந்தித் தங்கள் கோல் பக்கமே வந்து, பந்து வருகிற வழியில் குறுக்கே நின்றார். ஒரு உதை நேராக அவர் நெஞ்சில் வந்து மோதியது.

விசில். கண்ணாடி பெனால்டி இடத்தைக் காட்டினார். கையில் பட்டதாம்.

கேட் டீமின் மற்ற ஆறு பேரும் பந்தைப் பார்க்கவில்லை, அண்ணன் வாயைத்தான் பார்த்தார்கள். நெஞ்சில் பந்தின் சேறு வட்டமாக அப்பியிருந்தது. சின்னக் குழந்தைக்குக் காட்டினாலும் புரியும். கண்ணாடி என்ற சொல் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து சொற்கள் வரிசை கட்டி நின்றன. பஞ்சர் அண்ணன் ஜெர்சியின் கழுத்துப் பட்டையை இழுத்து வாயில் கவ்விக்கொண்டார். கோல் விழுந்தது. பட்டையை அப்புறம்தான் விட்டார்.

இரண்டாம் பாதியில் முழங்கால் தன் புத்தியைக் காட்டியது. யாரும் தள்ளவில்லை, திரும்பும்போது கால் வர மறுத்து, அப்படியே சரிந்தார். நடுவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வெளிய போய்க் காட்டிட்டு வர்றீங்களா? ஆனா ஆறு பேரை வெச்சு நான் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்." அந்த மனிதரை அவர் சார் என்று கூப்பிட்டதும் அன்றுதான். "எனக்கு ஒண்ணுமில்ல. ஷூ லேசு கட்டத்தான் உக்காந்தேன்."

நடுவர் அந்த லேசைப் பார்த்தார். அது நன்றாகத்தான் கட்டியிருந்தது. "மெதுவா கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

அண்ணன் டியூபை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினார். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அதன் பிறகு அவர் ஓடவில்லை, நடக்கவும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலியில் கண்ணில் நீர் கட்டியது. நாலாவது கோல் அவரைத் தாண்டித்தான் போனது. பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது வேன் சேறு தெறிக்க வந்து நின்றது. ஆட்கள் ஓடிக்கொண்டே சட்டையைக் கழற்றினார்கள். நடுவர் அனுமதித்ததும் உள்ளே நுழைந்தார்கள். கேப்டன் வந்து அண்ணனின் தோளைத் தன் தோளில் தாங்கிக் கோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். நான்குக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. இறுதி விசில் ஊதியதும் கேட் டீம் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தது. ஜெயித்த அணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணனிடம் நடுவர் வந்தார். "அது நெஞ்சுலதான் பட்டுச்சு. அப்புறம் சேத்தைப் பார்த்துதான் தெரிஞ்சுது" என்றார். அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்து, "பரவாயில்ல சார், நானும் எத்தனையோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றார்.

அது சும்மா பேச்சுக்குச் சொன்னது இல்லை. கொஞ்சம் தள்ளி, வேனில் வந்தவர்கள் வேன்காரரைச் சூழ்ந்துகொண்டு வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். "வழி தெரியாத ஆளுக்கு எதுக்கு ஸ்டியரிங்கு? இன்னைக்குக் கிளப்பே போயிருக்கும்ல?" வேன்காரர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பஞ்சர் அண்ணனால் தாங்க முடியவில்லை. "அவரை விடுங்கடா" என்றார். "அவர் மேல ஒரு தப்பும் இல்ல. எந்த கிரவுண்டுன்னு அவர் வந்து கேட்டாரு. போன தடவை போன இடம்னு நான்தான் சொன்னேன். நான் எந்தத் தடவையைச் சொல்றேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

கேப்டன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்ணே" என்றார்.

"என்ன தெரியும்?"

"போன்லயே சொல்லிட்டாரு. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எங்க ஆறு பேருக்கும் தெரியும். நீங்க காதால கேட்டுடக்கூடாதுன்னு, வந்து வாயைத் தொறக்காதீங்கன்னு நான்தான் இவருக்கு மெசேஜ் போட்டேன்."

"அப்ப ஏன்டா ஒருத்தன்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க அங்கயே தலையில கை வெச்சு உக்காந்திருப்பீங்க. எங்களுக்கு ஏழாவது ஆள் வேணும்ல."

லீக்கில் இருந்த அத்தனை நடுவர்களையும் வாயாலேயே அடித்த மனிதர் முகத்தை ஜெர்சியில் புதைத்துக்கொண்டு அழுதார். கோல்கீப்பர் மூட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முழங்காலில் கட்டியிருந்த டியூபை மெல்ல அவிழ்த்தார்.

"இனிமே இந்த வழி சொல்ற வேலை எனக்கு வேணாம்ப்பா" என்றார் அண்ணன் ஒருவழியாக. "கோடு போடறேன், பந்து ஒட்டறேன். இதை வேற யார்கிட்டயாவது குடுங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமையும் வெளியூர் ஆட்டம்தான்ணே" என்றார் கேப்டன். "வேன்காரர் இங்கதான் நிக்கிறாரு. இப்பவே சொல்லிடுங்க."

பஞ்சர் அண்ணன் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தார். எவரும் கேலி செய்யவில்லை. அவர் சொல்வதற்காகத்தான் காத்திருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டையின் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். மைதானத்தின் பெயரைச் சொன்னார். எந்தச் சாலை, எந்தப் பெட்ரோல் பங்க், அதைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

வேன்காரர் திருப்பிச் சொன்னார்.