அக்காவுக்கு

பெண்ணியல் துறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலையை விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும்போது ஆய்வுப் படிப்பில் சேர்ந்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது? துறை மூன்றாவது மாடியில் இருந்தது. அந்த மாடியில் ஆண்களுக்கு மட்டுமே கழிப்பறை. பெண்ணியல் படிக்க வந்த பெண்களெல்லாம் தரைத்தளத்துக்கு இறங்கி ஏற வேண்டும். மாணவர்களில் அந்தச் சிரமம் இல்லாதவன், அவள் தம்பி என்று கூப்பிடுகிற ஒருவன்தான்.

ஓர் ஆண்பிள்ளை இந்தப் படிப்புக்கு வந்துவிட்டான் என்று துறைத்தலைவி மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. கருத்தரங்கு என்றால் அவனைத்தான் அனுப்புவார். பெண்கள் சொன்னால் புலம்பல், அவன் சொன்னால் ஆய்வு. பேச்சில் கெட்டிக்காரன், குறை சொல்ல முடியாது. எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடாது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்" என்று முதல் இயலைக் கொண்டுவந்து வைத்தான். திருத்திக் கொடுத்தாள். இரண்டாம் இயலில் திருத்த எதுவுமில்லை, எழுதத்தான் வேண்டியிருந்தது. அதையும் எழுதினாள். பிறகு மற்றவையும் வந்தன. அவனுடைய ஆய்வுத் தலைப்பு, குடும்பத்தில் கணக்கில் வராத பெண்களின் உழைப்பு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். முதலில் அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது.

மறுத்திருக்கலாமே என்பீர்கள். வாய்க்கு வாய் அக்கா என்கிறவனிடம் முகத்தை முறித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நம்ம பையன்தானே, கை கொடுத்தால் என்ன என்று மேடம் வேறு சொன்னார். அவளுடைய சொந்த ஆய்வு வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கிடந்தது. தட்டு வைக்க இடமில்லை என்று கணவர் அதைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். அங்கேயே தங்கிவிட்டது.

தம்பி முனைவரானான். காலியாக இருந்த ஆசிரியர் பணியும் அவனுக்கே போயிற்று. மேடம் ஓய்வு பெற்றதும், வழிகாட்டி இல்லாமல் நின்றவளை அவனுக்குக் கீழேயே மாற்றினார்கள். இனி சார் என்றுதானே கூப்பிட வேண்டும்? "என்னக்கா, என்னைப் போயி சார்ங்கிறீங்க" என்று தனியாக இருக்கும்போது கூசினான். நாலு பேர் முன்னால் அவள் சார் என்றபோது கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

அந்த ஆய்வேடு புத்தகமாக வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள் என்று வெளியீட்டு விழாவுக்குக் கூப்பிட்டான். அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பட்டம் போகட்டும், வேலை போகட்டும், எழுதியவள் பெயர் ஓரிடத்தில் அச்சில் இருந்தால் போதும் என்று போனாள்.

முதல் பக்கத்தில் 'அக்காவுக்கு' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. பரவாயில்லை, அக்கா என்றால் யாரென்று துறைக்கே தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கண்கூடக் கலங்கிற்று.

அப்போதுதான் அவன் மைக்கில், தன்னைப் படிக்க வைக்கப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அக்காவை மேடைக்கு அழைத்தான். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்து போனாள். கூடப்பிறந்தவள். துணி தைத்துத் தைத்துக் கூன் விழுந்த முதுகு. அரங்கமே எழுந்து கை தட்டியது. இவளும் தட்டினாள். வயிறு எரிந்தது, அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க அப்படி எரிவதற்கே வெட்கமாகவும் இருந்தது. ஒரே சொல்லில் இரண்டு பேரையும் முடித்துவிட்டான், கெட்டிக்காரன்.

விழா முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அக்காவே இவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க தம்பிகிட்ட படிக்கிறீங்களாம்மா?"

"ஆமாங்க. இன்னும் முடிக்கல."

அந்த அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்க. தெரியலேன்னா தம்பிகிட்டயே கேளுங்க. அவன் ரொம்ப நல்லா எழுதுவான்."