அடுத்த வருடத்து ஊசி

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். கிளிநொச்சியில் வயல் செய்த என் அக்காவின் கணவருக்கு அப்படி ஓர் ஊசி கிடைக்கவில்லை. மனிதருக்கு அதைச் செய்ய முயன்ற ஆய்வுகூடத்தில்தான் நான் வேலை பார்த்தேன்.

எலியின் மூத்திரம் கலந்த வயல்நீரிலிருந்து, காலிலுள்ள கீறல் வழியாக ஏறும் நோய் அது. எங்கள் ஊசி போட்ட வெள்ளெலிகள் பிழைத்துக்கொண்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

“பிள்ளை, எங்களுக்கு எப்ப இந்த ஊசி வரும்?”

“அடுத்த வருசம் வந்திடும் அத்தான்.”

மனிதருக்குப் போட்டுப் பார்க்கவே பல வருடங்கள் எடுக்கும் என்று தெரிந்தும் சொன்னேன். பெருமை பிடித்த வாய்.

அடுத்த வருடம் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். சேற்றில் இறங்குகிறவர்களால் இந்த ஊசியை வாங்க முடியாதாம். மிஞ்சிய குப்பிகளை நானே அழிக்கக் கொடுத்தேன். அத்தானிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவரோ, “என்ர மச்சாள் கனடாவில மருந்து கண்டுபிடிச்சிட்டா” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகும் இரண்டு வருடம், அவர் கேட்டபோதெல்லாம் “அடுத்த வருசம்” என்றேன்.

போன மாரிமழையில் அவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சிறுநீரகம் பழுதாகி ஆறாம் நாள் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து அக்கா போனில் பேசினாள். நான் வேலைக்குப் போக பஸ் தரிப்பில் நின்றிருந்தேன்.

“விதைப்புக்கு முதல் சுகாதாரப் பகுதி ஆக்கள் தடுப்புக் குளிசை கொண்டுவந்து குடுத்தவை. எல்லாரும் வாங்கி விழுங்கினவை. இந்த மனுசன்தான், ‘என்ர மச்சாளின்ர ஊசி வருகுது, உது எனக்கு என்னத்துக்கு’ எண்டு திருப்பி அனுப்பினவர்.”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. அழுகைக்கிடையிலும் பெருமையாகத்தான் சொன்னாள். வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

இந்த ஐப்பசியில் அக்கா மறுபடியும் போன் எடுத்தாள்.

“மகள்தான் இந்த முறை வயலுக்கை இறங்கப்போறாள். உன்ர ஊசி எப்பவடி வரும்?”

பழைய பதில் நாக்கு நுனியில் நின்றது.

“வராது அக்கா. அதை நிப்பாட்டிப்போட்டினம். அவளைக் கட்டாயம் குளிசை போடச் சொல்லு.”

அக்கா மெதுவாகக் கேட்டாள்:

“எப்ப நிப்பாட்டினவை?”