படகுக்கு ரேடார் எதற்கு?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு எங்களைப் படகில் அழைத்துப்போனவர் ஒல்லியான மனிதர். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் செல்போன். பயணிகளின் பாதுகாப்பில் அவருக்கு அப்படியொரு அக்கறை. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டை அவரே மாட்டி, வார்களை இழுத்துப் பார்த்தார். படகுத்துறையில் நின்ற காவலர் திருப்தியாகத் தலையாட்டினார். துறை கண்ணுக்கு மறைந்ததும் படகுக்காரர் ஜாக்கெட்டுகளைக் கழற்றி வாங்கித் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கினார்.

“ஏங்க?” என்றேன்.

“தண்ணி பட்டா வீணாப் போயிடும் சார்.”

மார்கழிப் பனி. ஆற்றைத் தாண்டி லகூன் என்கிற காயலுக்குள் நுழைந்தபோது படகின் முனைகூடத் தெரியவில்லை. எதிரே எங்கோ ஓர் இன்ஜின் சத்தம் நெருங்கி வந்தது.

“சின்னப் படகுக்கும் ரேடார் கிடைக்குதாமே, ஒண்ணு வைக்கலாமே?” என்றேன், பயத்தை மறைத்துக்கொண்டு.

“எதுக்கு சார்? எதிர்ல வர்றது நம்ம மச்சான்தான்” என்று செல்போனை எடுத்தார். “மச்சான், எங்க வர்றே?”

“பனிக்குள்ளதான் மாப்ள.”

“நானும் அங்கதான் இருக்கேன். பாத்து வா.”

பேசி முடிப்பதற்குள் இரண்டு படகுகளும் மடாரென்று மோதின. என் மனைவி அலறிக்கொண்டு தார்ப்பாயைப் பிடித்தாள். நல்லவேளையாக யாரும் விழவில்லை.

“பாத்தீங்களா? மச்சான்தான்னு சொன்னேன்ல!” என்றார் அவர், பெருமையாக.

திரும்பும்போது பனி விலகியிருந்தது. தூரத்தில் படகுத்துறை தெரிந்ததும் அவசரமாக ஜாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார்.

“சீக்கிரம் மாட்டிக்குங்க சார், கரை வந்துடுச்சு!”

குறை சொல்லக் கூடாது. அந்தக் காவலரிடமிருந்து எங்கள் அத்தனை பேரையும் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டார்.