அண்ணை இருக்கேக்க தம்பி ஓடுறதோ?

அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மறிக்க வருகிறவர்களுக்குள் புகுந்து ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் எங்கள் கல்லூரி அணியில் அந்த இடம் பெரியப்பாவின் மகனுக்கு. அவனுக்கு மாற்று ஆள் நான். என்னிலும் ஒரு வயது மூத்தவன், அதனால் அண்ணை.

அந்த இலையுதிர் காலத்தில் அண்ணைக்கு முழங்கால் சரியில்லை. பந்தை வாங்கிய இடத்திலேயே விழுந்தான். நான் இறங்கினால்தான் அணி முன்னேறியது. கோச் என்னைக் கூப்பிட்டு, அடுத்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே நீதான் என்றார். பல்கலைக்கழக அணிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வரும் ஆட்டம் அது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணை இருக்கேக்க நீ முன்னுக்குப் போறதோ? பெரியப்பாதான் எங்களை ஸ்பொன்சர் பண்ணி இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். கோயில்ல அவற்ற முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"இதென்னப்பா, கலியாணமே, மூத்தவனுக்கு முதல் செய்யிறதுக்கு?"

"வாயை மூடு!"

மனிசன் அதோடு விட்டாரா? உழுந்து வடை ஒரு பெட்டியுடன் பயிற்சி மைதானத்துக்கே போனார். மூத்தவன் விளையாடி முடிக்கட்டும், சின்னவனுக்கு அவசரமில்லை என்று தன் அரைகுறைப் பிரெஞ்சில் கோச்சிடம் சொல்லிவிட்டு வந்தார். கோச்சுக்கு என்ன விளங்கும்? விளையாட மனமில்லாமல் தகப்பனைத் தூது விட்டிருக்கிறான் என்றுதான் விளங்கியது. நான் ஓடிப்போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வடை நன்றாக இருந்தது, மெர்சி என்று நன்றி சொன்னார்.

ஆட்டத்தன்று முதலாம் வருடப் பையன் ஒருவன் இறங்கினான். அண்ணையும் நானும் மாற்று ஆட்கள் உட்காரும் வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அப்பா செய்ததை அவனுக்குச் சொன்னேன்.

"சித்தப்பாக்கு விசரே?" என்றான் அண்ணை. "கால் ஏலாதெண்டு நான்தானடா கோச்சிட்டைப் போய் உன்னைப் போடச் சொன்னனான்!"

அந்தப் பையன் நன்றாக ஓடினான். வந்தவர்கள் அவனைத்தான் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு என்னை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை.

டொலார்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா நிம்மதியாகக் கார் ஓட்டினார். "பாத்தியே, ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லாமல் முடிஞ்சுது" என்றார். அந்த ஒருத்தரில் நான் சேர்த்தியில்லை.